ஏழு மணி விரல்

செண்பகவடிவின் வலது கை மோதிர விரலைப் பார்த்துத்தான் பஞ்சு மில்லில் சங்கு ஊதுகிறார்கள் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. காலை ஏழு மணிக்குச் சங்கு. அதே நொடியில் அந்த விரலின் நடு மூட்டில் சாக்குத் தைக்கிற ஊசி ஒன்று இறங்கும். எட்டு வருஷத்தில் ஒருநாள்கூடப் பிசகியதில்லை. தீபாவளிக்கு மில்லுக்கு லீவு உண்டு, விரலுக்குக் கிடையாது. ஒருமுறை சங்கு பழுதாகி ஊதாமல் போனபோது மில் வாட்ச்மேன் ஆள் அனுப்பி, "செண்பகக்கா கத்திட்டாளான்னு பாத்துட்டு வாங்கடே, கேட்டத் தொறக்கணும்" என்று விசாரித்தாராம்.

விரலில் இறங்கிய ஊசி அங்கேயே நின்றுவிடாது. சப்பரம் புறப்பட்ட மாதிரி மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை என்று ஒவ்வொரு முக்கிலும் நின்று மரியாதை வாங்கிக்கொண்டு எட்டரை மணிக்கு முழங்காலுக்கு வந்து சேரும்.

அதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தவள் தெரியுமா? விடிவதற்குள் முந்நூறு இடியாப்பம் பிழிந்து நாலு ஓட்டலுக்கு அனுப்பியவள். அச்சை அவள் ஓர் அழுத்து அழுத்தினால் மாவு பயந்துபோய் நூலாக ஓடிவரும். அந்த நூலை ஊசியில் கோத்துச் சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம், அவ்வளவு மெல்லிசு. இப்போது அச்சு பரணில் கிடந்தது. விரல்கள் மண்ணோடு பிடுங்கிப் போட்ட இஞ்சிக் கொத்தாகிவிட்டன. சேலைக்கு ஊக்குக் குத்தக்கூடக் கணவர் கொம்பையாவைத்தான் கூப்பிட வேண்டும். அவர் மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். அவர் குத்திவிட்ட ஊக்கு, டிரான்ஸ்பார்மருக்கு ஒயர் இழுத்துக் கட்டியது போல இருக்கும்.

திருநெல்வேலிக்கு வெளியே, நாற்கரச் சாலை ஓரத்தில் ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மூட்டுவாத ஆய்வு நிலையம் வந்திருந்தது. ஐந்து மாடியும் கண்ணாடி. அதன் மேல் உட்காரும் காக்கை, தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டுதான் பறக்கும். அங்கே செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஆறரைக்கே டோக்கன். அந்தக் கூடத்தில் யாரும் யாரிடமும் ஊரோ பேரோ கேட்பதில்லை. "ஒங்களுக்கு எங்க?" என்றுதான் கேட்பார்கள். வலி இருக்கிற இடம்தான் விலாசம்.

ஜெபமணி டீச்சருக்குத் தாடை. முப்பத்துநாலு வருஷம் நாலு கிராமத்துப் பிள்ளைகளை அதட்டிய தாடை, இப்போது ஒரு முறுக்கை அதட்ட முடியாமல் கிடந்தது. உலகம்மாளுக்கு இடது குதிகால். தரையில் கால் வைப்பதற்கு முன் தரையைத் திட்டிவிட்டுத்தான் வைப்பாள். ரகமத்து பீவி இவர்களில் சின்னவள். அவளுக்கு இடது மணிக்கட்டு. செண்பகவடிவுக்கு ஏழு மணி விரல். இந்த நாலு பேரும் ஆறு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தூக்குச்சட்டியில் தின்று, ஒரே தைலத்தைத் தேய்த்து வந்த கூட்டு. ஒருத்திக்கு ஒரு மாத்திரையில் குணம் தெரிந்தால் அதை நாலாக உடைத்து நாலு பேரும் போட்டுக்கொள்வார்கள். வைத்தியம் என்பது ஊரார் சேர்ந்து செய்கிற காரியம் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த நிலையத்தில்தான் டாக்டர் வைகுண்டமணி 'சொந்தச் சொட்டு' கண்டுபிடித்தார். அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு பெயர் இருந்தது. கூடத்துப் பெண்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது.

"நம்ம ஒடம்புக்குள்ள காவல் அணுக்கள்னு ஒரு பட்டாளம் இருக்கும்மா," என்று டாக்டர் விளக்கினார். "வீட்டு நாய்னு வச்சுக்கோங்க. திருடன் வந்தாக் கடிக்கணும். ஒங்க வீட்டு நாய்க்கு மூக்குக் கெட்டுப்போச்சு. வீட்டாளையே கடிக்கி."

"நாலு சாத்து சாத்த வேண்டியதுதான?" என்றாள் உலகம்மாள்.

"இத்தன வருஷமா அதத்தான் செஞ்சோம். ஸ்டீராய்டுன்னு குடுத்தோம்லா, அது கம்பு. அடிபட்டு மூலையில படுத்துரும். அப்புறம் நெசத் திருடன் வந்தாலும் எந்திரிக்காது. இது வேற. ஒங்க ரத்தத்துலருந்தே ஒங்க ஒடம்போட வாசனைய எடுத்துச் சொட்டா ஆக்கியிருக்கோம். தெனம் காலையில நாக்குக்கு அடியில மூணு சொட்டு. நாய்க்குத் துணிய மோப்பம் காட்டுத மாதிரி. 'இது நம்ம ஆளு, இது நம்ம ஆளு'ன்னு தெனம் சொன்னா அது கத்துக்கிடும்."

"ஒருத்தர் சொட்ட இன்னொருத்தர் குடிச்சா?" ஜெபமணி டீச்சர் வகுப்பில் கேட்பது போலக் கேட்டார்.

"கூடவே கூடாது டீச்சர். நாய்க்குக் கொழப்பமாயிரும்." டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் தப்பு. சிரிக்காமல் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்துப் பெயர் ஒட்டிய நீலக் குப்பிகள் வந்தன. ஜெபமணிக்கு ஒன்று, உலகம்மாளுக்கு ஒன்று, ரகமத்துக்கு ஒன்று. செண்பகவடிவின் பெயரைக் கூப்பிடவில்லை.

"ரெண்டு தடவ எடுத்தோம்மா. ரெண்டு தடவையும் ஒங்க ரத்தம் மெஷினுக்குள்ள தயிரா ஒறஞ்சிட்டு. மூணாவது தடவ எடுக்க ஆய்வு விதியில எடமில்ல. அடுத்த அணி வரும்போது மொத ஆளாச் சேத்துக்கிடுதேன்."

"எப்ப தம்பி வரும்?"

"மூணு வருஷம் ஆகலாம்."

அவள் மோதிர விரலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், யாரோ அதைத் திட்டிவிட்டது போல.

மூன்று பேரும் அவளை இழுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனார்கள். வடை வந்தது. யாரும் தொடவில்லை. தாடைக்காரியான டீச்சர் தொடாததில் ஆச்சரியமில்லை, உலகம்மாளே தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பந்தியில நாலு பேரு உக்காந்து மூணு எல போட்டா, அந்தச் சோறு எனக்கு எறங்குமாட்டி?" என்றாள் உலகம்மாள். மடியிலிருந்து நீலக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தாள். "ஏட்டி செண்பகம், கண்ணுக்கு விடுத மருந்து வச்சிருந்தியே, அந்தக் குப்பி காலியா?"

"உலகம்மா, டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காரு," என்றார் டீச்சர்.

"டாக்டருக்கு ஏழு மணிக்கு வெரலு வலிக்கா?"

"இல்ல, கொழப்பமாயிரும்னு..."

"ஆறு வருஷமா எம் மாத்திரையில பாதி நீங்கதான தின்னிய டீச்சர். அப்ப எங்க வீட்டு நாய்க்கு என்ன கொழப்பம் வந்துது?"

டீச்சர் கைப்பையைத் திறந்து தன் குப்பியையும் மேஜையில் வைத்தார். ரகமத்து கேண்டீனில் வெந்நீர் வாங்கிக் கண் மருந்துக் குப்பியை மூன்று தரம் அலசினாள். "பிஸ்மில்லா சொல்லி விடுதேன் யக்கா, ஒண்ணும் ஆவாது," என்று முதல் ஏழு சொட்டை அவள்தான் விட்டாள். ஆளுக்கு ஏழு, மொத்தம் இருபத்தொன்று. ஒரு வாரத்துக்கு ஆயிற்று. அதன்பிறகு செவ்வாய்தோறும் அதே மேஜையில் அந்தக் கூட்டுச்சொட்டு பிழியப்பட்டது.

பிறகு நடந்ததைச் சொன்னால் புளுகு என்பீர்கள்.

நாற்பதாம் நாள் காலையில் சங்கு ஊதியது. செண்பகவடிவு பல்லைக் கடித்துக்கொண்டு விரலைப் பார்த்தாள். விரல் அவளைப் பார்த்தது. அவ்வளவுதான். சங்கு ஓய்ந்தது. வராத பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து பரணிலிருந்து அச்சை இறக்கினாள். அன்றைக்கு அவள் அழுத்திய அழுத்தில் அச்சு ரெண்டாகப் பிளந்தது. மறுநாள் பித்தளை அச்சு வாங்கினார்கள். தேங்காயை அரிவாள் இல்லாமல் கையாலேயே உடைத்தாள் என்று தெருவில் சொன்னார்கள். ஓட்டல்காரர் சுப்பையா வந்து சந்தோஷத்தில் கை கொடுத்தார். ஒரு வாரம் அவர் கல்லாவில் இடது கையால்தான் சில்லறை கொடுத்தார்.

விதிப்படி தன் சொட்டை மட்டும் குடித்த மற்ற நோயாளிகளுக்கு எட்டணா சுகம். விதியை மீறிய இவளுக்குப் பதினாறணா!

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தோழிகள் மூவரும் ஸ்கேன் எடுக்க உள்ளே போகும்போது குப்பிகளை அவளிடம் கொடுத்து, "நீயே பிழிஞ்சுக்கோ" என்றுவிட்டுப் போனார்கள். பிழிந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது கை கூசியது. அடுத்த வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட அவள் வெறுமனே திருப்பி அனுப்பியதில்லை. நாலு கறிவேப்பிலையாவது, ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் அனுப்புவாள். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அப்படித்தான். தன் கண் மருந்துக் குப்பியிலிருந்து ஒவ்வொரு நீலக் குப்பிக்குள்ளும் ஒரு சொட்டு விட்டு மூடினாள்.

"எதுக்கு யக்கா?" என்றாள் ரகமத்து.

"வெறும் ஏனமாத் திருப்பித் தரலாமா பிள்ள?"

மூவரும் சிரித்தார்கள். அது சரிதான் என்று அவர்களுக்கும் பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு சொட்டு திரும்பிப் போயிற்று.

முதலில் மறைந்தது தழும்பு. இடது முழங்கையில் இடியாப்ப ஆவி பட்டு, இலங்கைப் படம் மாதிரி ஒரு தழும்பு இருந்தது. அது தேய்ந்து, ஒருநாள் காணவே காணோம். நல்லதாப் போச்சு என்று சந்தோஷப்பட்டாள். அடுத்து ஓட்டல்காரர் சுப்பையா தயங்கித் தயங்கி ஒரு பேச்சை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதியக்கா. இடியாப்பம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஒங்க கை இல்லையே. ஆளு கீளு வச்சிருக்கியளா?"

"நாந்தாம்வே பிழியுதேன்!"

"அப்பச் சரி," என்றார். நம்பவில்லை. வாய்க்குள் மென்று பார்த்து, "பெருநாளைக்கு ரகமத்தக்கா குடுத்துவிடுத இடியாப்பம் மாதிரில்லா இருக்கு" என்று முனகிக்கொண்டே போனார்.

அடுத்த மாதம் ரேஷன் கடை. கட்டை விரலை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "அடுத்த வெரல வைங்க," என்றார் கடைக்காரர். பத்து விரலையும் வைத்தாள். "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க." கழுவிவிட்டு வந்தாள். "கண்ணக் காட்டுங்க." காட்டினாள். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, படித்த பெண் குரலில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பதிவில் இல்லாத நபர்" என்றது. பின்னால் நின்ற கிழவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். வெயிலுக்கு வந்து விரல் நுனியைப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை. கண்ணாடிக் கோலிக் குண்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்தால், வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் பேட்டரி நின்றது. குட்டியாக இருந்தபோது பழைய பேட்டரிப் பெட்டியில் தூங்கியதால் அந்த நாய்க்கு அந்தப் பெயர். ஒன்பது வருஷமாக அவள் கையால் சோறு தின்ற நாய். ரெண்டு நாளாக அவளைக் கண்டால் ஒரு மாதிரி விலகிப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குப் பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, பல்லைக் காட்டி, கேட்டுக்கு நடுவில் நின்று குரைத்தது. விளையாட்டுக் குரைப்பு இல்லை. திருடனைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு.

"பேட்டரி, நாந்தாம்ல," என்றாள்.

நாய் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தது.

கொம்பையா வந்து அதைச் சங்கிலியில் பிடித்தார். "அதுக்கு வயசாயிட்டு. மூக்குக் கெட்டுப்போச்சு," என்றார்.

டாக்டர் சொன்ன அதே வார்த்தை.

கொம்பையாவோ எதையும் கண்டுபிடிக்கிற மனிதர் இல்லை. முப்பது வருஷமாகச் சாம்பார்க் கரண்டியைப் பார்த்தே பேசிப் பழகியவர். ஆனாலும் அன்றைக்குச் சாப்பிடும்போது தலையை நிமிர்த்தி அவளையே பார்த்தார். "ஒனக்குத் தாடையில ஒரு மச்சம் உண்டுல்லா?"

"ஆமா. உண்டு."

"உண்டா? இல்ல, ஒங்கக்காளுக்கா?" அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி குனிந்து சாப்பிட்டார்.

அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். மச்சம் இருந்த இடத்தை விரலால் தேடினாள். விரலுக்கும் அடையாளம் இல்லை, முகத்துக்கும் அடையாளம் இல்லை. வழுவழுப்பு வழுவழுப்பைத் தடவியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நேராகப் போய்க் கூட்டுச்சொட்டுக் குடித்ததை ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை. ரத்தம் எடுத்தார், தோலில் கடுகளவு எடுத்தார், ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வந்ததும் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஒங்க நாய்க்கு மூணு வீட்டு ஆளுகளோட துணியக் காட்டிட்டீங்க," என்றார். "ஒங்க துணியக் காட்டவே இல்ல. அது நல்ல படிப்பாளி நாய். சொன்னதக் கத்துக்கிட்டு. அந்த மூணு பேருக்கும் ஒங்களுக்கும் பொதுவா இருக்கதெல்லாம் நம்ம ஆளுன்னு விட்டுட்டு. ஒங்களுக்கு மட்டுமே உள்ளது எதுவோ, அதெல்லாம்..."

"கடிக்கா?"

"கடிச்சா வலிக்குமேம்மா. சத்தமில்லாம அழிக்கி. அழிச்ச எடத்துல பொதுவா ஒண்ணக் கட்டிருது."

"எதுவரைக்கும் தம்பி அழிக்கும்?"

டாக்டர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண் பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பேட்டரியின் பல் ஞாபகம் வந்தது.

"ஒங்க தோலுல ஒரு துண்டு எடுத்துத் தீக்காயம் பட்ட பிள்ளைக்கு வச்சா ஒட்டிரும்மா. ரத்தம், எலும்புக்குள்ள இருக்க மஜ்ஜை, எத எடுத்து யாருக்கு வச்சாலும் சரி. எந்த ஒடம்பும் ஒங்கள வெளியாளுன்னு சொல்லாது. ஏன்னா ஒங்ககிட்ட ஒங்களுதுன்னு..." நிறுத்திக்கொண்டார். "ஒலகத்துலயே மொதல் பொது ஒடம்பும்மா நீங்க!"

"பொதுக் கக்கூசு மாதிரியா?"

டாக்டருக்கு முகம் சுருங்கியது. பொய் சொல்லக்கூடாது, அவர் கெட்டவர் இல்லை. தீப்பட்ட பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். அதனால்தான் இந்த ஒருத்தியை அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

"அஞ்சாவது மாடியில ஒரு அறை தாரோம். ஏசி, சாப்பாடு, எல்லாம் நிலையத்துப் பொறுப்பு. நீங்க சொட்ட மட்டும் நிறுத்தாமக் குடிச்சாப் போதும்." ஒரு தாளை நகர்த்தினார்.

"ரேகை வைக்கணுமா? எனக்குத்தான் ரேகை இல்லையே."

"வேண்டாம்மா. எண் போதும். ஆய்வுக்கு ஒங்க பேரு தேவைப்படாது."

அவள் தாளைப் பார்த்தாள். மேலே ஓர் எண் அச்சடித்திருந்தது. நல்ல எண்தான். எட்டு இலக்கம்.

"சொட்ட நிறுத்திட்டா?"

"வலி திரும்பி வரும். முன்னவிட மூர்க்கமா வரும். போனதெல்லாமும் கூடவே வரலாம். வராமலும் போகலாம்."

"வரட்டும்," என்றாள். "எட்டு வருஷமா ஏழு மணிக்கு என்னத் தேடி வந்தது அது. ஆளு மாறி வேற யார் வீட்டுக்கும் போனதில்ல. இந்த மெஷினு, இந்த நாயி, எங்க வீட்டு மனுசன் எல்லாரும் மறந்தாலும் அது மறக்காது. எனக்கு அது போதும்."

டாக்டர் பெருமூச்சு விட்டுத் தாளை மடித்தார். எழுந்து கதவைத் திறக்கப் போனவர் திரும்பி, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார். "இந்தக் கூட்டுச்சொட்டு ஒங்க ஒருத்தரோட சரிதான?"

அவள் ஏனத்தை வெறுமனே திருப்பாத கதையைச் சொன்னாள்.

"சொட்டுக்குழல நாக்குல தொட்டுக் குடிப்பீங்களா?"

"தொடாம எப்படி, மூணு சொட்டு நேரா விழணும்லா?"

"அப்ப எச்சியோட ஒங்க வாசனையும் அந்தக் குப்பிகளுக்குள்ள போயிருக்கு," என்ற டாக்டர் கதவைத் திறந்து பெஞ்சில் இருந்த மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். "நீங்க யாருக்கும் குடுத்தீங்களா?"

மூன்று பேரும் மேலே சுழன்ற மின்விசிறியை ரொம்ப நேரம் ஆராய்ச்சி பண்ணினார்கள்.

"சர்ச்சு பாடகர் குழுவுல ரெண்டு மூணு பேருக்கு," என்றார் ஜெபமணி டீச்சர். "அவங்களுக்கு முழங்கால் முடியல. மண்டியிட்டு ஜெபிக்க முடியலன்னா பாவம்தானே?"

"ரெண்டு மூணா?"

"பதினெட்டு."

ரகமத்து அண்ணன்மார் பெண்டாட்டிகள் நாலு பேருக்குக் கொடுத்திருந்தாள். அவர்கள் தங்கள் தாய் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். உலகம்மாள் நூறு நாள் வேலைக்கு வருகிற கூட்டம் முழுக்க ஊற்றியிருந்தாள்.

"குப்பி எப்படிப் போதும்?"

"அதான் கீழ விழுந்து ஒடஞ்சிட்டுன்னு சொல்லிச் சொல்லி வாங்குவோமே சார்," என்றாள் ரகமத்து.

"அப்ப மாசம் நாப்பது குப்பி ஒடஞ்சது...?" டாக்டர் நாற்காலியைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "அவங்க... அவங்க குப்பியத் திருப்பித் தரும்போது?"

"நல்லாக் கேட்டிய போங்க!" என்றாள் உலகம்மாள். "நாங்க என்ன மரியாதை கெட்ட ஆளுகளா? யாரு வீட்டுலயாவது வெறும் ஏனமாத் தருவாவளா? கடைசி ரெண்டு சொட்ட வழிக்காம விட்டுத்தான் தருவாவ. அத நாங்க எங்க குப்பியில ஊத்திக்கிடுவோம்."

டாக்டர் உட்கார்ந்தார். அன்று மத்தியானத்துக்குள் சொட்டு வழங்குவது நிறுத்தப்பட்டது. கூடத்துக்கு வெளியே ஒரு தாள் ஒட்டினார்கள்.

செண்பகவடிவு வீட்டுக்குப் போய்க் கண் மருந்துக் குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு காத்திருந்தாள்.

தினமும் ஆறே முக்காலுக்கே குளித்து, பொட்டு வைத்து, வாசல் பக்கம் உட்கார்ந்து வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொள்வாள். வெளியூரிலிருந்து வருகிற சொந்தத்துக்கு இலை போட்டு வைத்திருப்பது போல. பேட்டரி சங்கிலியில் கிடந்து உறுமிக்கொண்டேயிருக்கும். சங்கு ஊதும். ஒன்றும் வராது. நாளைக்கு வரும் என்று எழுந்துபோவாள்.

பதினோராம் நாள் வலி வந்தது.

சங்கு ஊதிப் பத்து நிமிஷம் கழித்து, இட்லியைக் கடித்தாள். தாடை பூட்டிக்கொண்டது. காது வரை ஒரு கம்பி இழுத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். இது அவளுக்குத் தெரிந்த வலிதான். ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமணி டீச்சர் வாயால் கேட்ட வலி.

மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கியதும் இடது குதிகாலில் ஆணி ஏறியது. "நாசமாப் போற தரை, ஒன்னப் பேய் புடிக்க!" என்று கத்தினாள். கத்தின பிறகுதான் அது உலகம்மாளின் வசவு என்று உறைத்தது. மூன்றாம் நாள் இடது மணிக்கட்டு.

வலது கை மோதிர விரல் மெழுகில் செய்து வைத்தது போல, ஒரு சம்பந்தமும் இல்லாமல், மடியில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நிலையத்துக்குக் கிளம்பினாள். தோழிகளிடம் சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. ஏழு மணிக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தால் கூடத்தில் நிற்க இடமில்லை. நூறு பேர் இருப்பார்கள், நூற்றைம்பதும் இருப்பார்கள். முக்காடு போட்டவர்கள், சர்ச்சுக்கு வருகிற வெள்ளைச் சேலைகள், நூறு நாள் வேலைக்கூட்டத்தின் அழுக்குச் சட்டைகள். தெரியாத முகங்கள். ஆனால் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு ஜாடை. எங்கே பார்த்தோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மாடிப்படியில் டாக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, உதட்டை அசைத்துத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பழைய பெஞ்சில் உலகம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். செண்பகவடிவு நொண்டிக்கொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உலகம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். திரும்பி, மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"புதுசா வந்திருக்கியளாம்மா?" என்றாள். "ஒங்களுக்கு எங்க?"

செண்பகவடிவு வாயைத் திறந்தாள். தாடை பூட்டிக்கொண்டது.

அப்போது தூரத்தில் மில் சங்கு ஊதியது.

கூடம் முழுக்க ஒரே சத்தமாக மூச்சை உள்ளே இழுத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நூற்றைம்பது பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்து, இடது கையால் வலது கை மோதிர விரலை இறுக்கிப் பிடித்தார்கள். நூற்றைம்பது முகமும் வலது பக்கமாகக் கோணியது. அந்த ஜாடை எது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் காலையில் கண்ணாடியில் பார்த்த ஜாடை.

சங்கு ஓய்கிற வரைக்கும் விரலை விடாமல் பிடித்திருந்த உலகம்மாள், நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். மடியில் விரிந்து கிடந்த அந்த வழவழப்பான கையைப் பார்த்தாள்.

"யம்மா," என்றாள், பொறாமையோடு. "ஒங்களுக்கு மட்டும் எப்படிம்மா வலிக்கல?"